காஜா வெட்டாத கோட்டு

“தொடாதீங்க!” என்று கத்திவிட்டார் அருங்காட்சியகக் காப்பாளர். கத்திய பிறகுதான் யாரிடம் கத்துகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வெள்ளைக் கையுறை போட்ட கையால் தன் வாயையே பொத்திக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க. பழக்கதோஷம். அது உங்கம்மா தைச்ச கோட்டு. நீங்க தாராளமா தொடலாம்.”

பாதி வழியில் நின்றிருந்த கையை மகள் மறுபடி நீட்டிக் காலரைத் தொட்டாள். தையல் பொம்மையின் மேல் கருநீலக் கம்பளிக் கோட்டு ஒன்று ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. பொம்மைக்குத் தலை இல்லை என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை.

அம்மா நேற்று இரவு தூக்கத்திலேயே போய்விட்டாள். எழுபத்தெட்டு வயது. நோய் நொடி என்று படுக்கவில்லை, யாருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலைகூட வைக்கவில்லை. “அக்கா எதையும் பாதியில விடமாட்டா. தூக்கத்தையும் விடல” என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சொல்வார், சொல்லி முடித்ததும் தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிடுவார், சிரித்ததற்காக மறுபடி அழுவார்.

அடக்கம் சாயங்காலம் என்று முடிவாகியிருந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் சித்திதான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அந்தக் கோட்டு எங்கடி?”

“எந்தக் கோட்டு சித்தி?”

“மியூசியத்துல உட்கார்ந்து தைச்சாளே, அது. ‘கடைசியா ஒண்ணு தைக்கிறேன், அதோட ஊசியை வச்சிடுவேன்’னு என்கிட்ட சொன்னா. கடைசியா ஒருத்தி யாருக்குத் தைப்பா? தனக்குத்தான். அதைப் போடாம அனுப்பினா அவ என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டா.”

“அவங்க இனிமே யார் மூஞ்சியில முழிக்கப் போறாங்க?”

“வாயைப் பாரு! அப்படியே அவ வாய்.”

அதனால்தான் மகள் இங்கே வந்திருக்கிறாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். இத்தனை வருடத்தில் இந்த அருங்காட்சியக வாசலில் எத்தனையோ முறை வண்டியை நிறுத்தி ஆளை இறக்கியிருக்கிறாள். உள்ளே வந்தது இன்றுதான். கைக்கருவிகள் அறை என்று வாசலில் எழுதியிருந்தது. ஒரு சுவர் முழுக்க இழைப்புளிகளும் உளிகளும். எதிர்ச் சுவரில் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே எலும்பு ஊசிகள், விரல் நுனியில் மாட்டுகிற பித்தளை அங்குஸ்தான்கள், கரி போட்டுச் சூடாக்கும் இஸ்திரிப் பெட்டி. நடுவில் அம்மாவின் முக்காலி. அதற்கு நேர் மேலே ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை.

அம்மா ஆண்களுக்குக் கோட்டுத் தைப்பதில் பேர் வாங்கியவள். கடையை மூடியபோது தன் கருவிகளையெல்லாம் இந்த இடத்துக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு மாதம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமைதோறும் இங்கே வந்து உட்கார்ந்து, அதே கருவிகளை வைத்து, அவை எப்படி வேலை செய்யும் என்று வருகிறவர்களுக்குத் தைத்துக் காட்ட ஆரம்பித்தாள். “என் கத்தரியை எனக்கே இரவல் குடுக்கிறான் அந்த கிளவுஸ் சார்” என்று வீட்டில் வந்து நொடித்துக்கொள்வாள். காப்பாளருக்கு அவள் வைத்த பெயர் அது.

“எடுத்துட்டுப் போகலாமா?” என்றாள் மகள்.

“கோட்டு எங்க சொத்து இல்ல, தாராளமா எடுங்க. ஆனா வேலை முடியலையே.” கிளவுஸ் சார் கோட்டின் முன்பக்கத்தைக் காட்டினார். அங்கே வெள்ளைச் சாக்கட்டியால் மூன்று சின்னக் கோடுகள். “காஜா வெட்டல. வர்ற சனிக்கிழமை வந்து வெட்டறேன்னு சொல்லியிருந்தாங்க.”

பொத்தான் நுழைகிற துளைக்குத்தான் தையற்காரர்கள் காஜா என்பார்கள். அது மகளுக்குத் தெரியும். தையலில் அவளுக்குத் தெரிந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

“வெட்டிக்கிறோம் சார். வீட்டுல கத்தரி இருக்கு.”

“என்ன கத்தரி?”

“வெங்காயத்தாள் வெட்டுறது.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு பெட்டியைத் திறந்து, சின்னக் கத்தரி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் அலகுகளின் அடியில் சதுரமாக ஒரு பள்ளம் இருந்தது. துணியின் ஓரம் அந்தப் பள்ளத்துக்குள் பத்திரமாக நிற்க, உள்பக்கம் மட்டும் வெட்டுப்படும். எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று அளவு வைக்கப் பக்கத்தில் ஒரு திருகாணி. அம்மாவின் காஜா கத்தரி. வேறு எதை வைத்து வெட்டினாலும் துணி கோபித்துக்கொள்ளும் என்பாள்.

“இதைக் குடுங்க, சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேன்.”

“முடியாதுங்க. காட்சிப் பொருள் என் கையை விட்டுப் போகக் கூடாது. அது விதி.” கிளவுஸ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனப் போராட்டம். கத்தரியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பிறகு தன் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். “என் கை எங்க போகக் கூடாதுன்னு விதியில எதுவும் சொல்லல. வாங்க, போகலாம்.”

பேருந்தில் கூட்டம் இல்லை. ஓட்டியவர் அவளுடன் வேலை செய்கிறவர். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார், டிக்கெட் கேட்கவில்லை. கிளவுஸ் சார் பஞ்சு வைத்த பெட்டியை மடியில் வைத்து, இரண்டு வெள்ளைக் கைகளாலும் பிடித்துக்கொண்டு, முட்டை கொண்டுபோகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“உள்ள என்ன, ஏதாவது உயிருள்ளதா?”

“கத்தரிங்க.”

“கத்தரிக்கா இந்தப் பாடு!” என்று அந்த அம்மாள் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தாள்.

மகள் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் வண்டியில் அம்மா உட்காருகிற இடம் இது. ஏறுவாள், உட்காருவாள், இறங்குவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறதாம். கண்ணாடியில் பார்த்தால் அம்மாவின் முகம் கடுகடுவென்று தன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். தையல் வேண்டாம், வண்டி ஓட்டப் போகிறேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்ற காலத்தில், சரி என்றோ கூடாது என்றோ அம்மா சொல்லவில்லை. முதல் நாள் சீருடையில் வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இதை யாரு தைச்சது? தோள்ல கை ஏத்தத் தெரியாதவன்” என்றாள். அந்த வேலையைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்தது மொத்தமே அவ்வளவுதான். கோபம் தீரவில்லை என்று மகள் எடுத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிட்டியா தூங்கினியா என்று எல்லாம் பேசிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் இருவரும் தொடாமலே விட்டுவிட்டார்கள். கோட்டையாவது குறையில்லாமல் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்று மடியில் இருந்த கோட்டுப் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டாள்.

வீட்டு முன்னறைதான் ஒரு காலத்தில் கடை. வெட்டுமேசையும் ஆள் உயரக் கண்ணாடியும் இன்னும் அங்கேயே இருந்தன. மேசைக்குப் பக்கத்தில் கட்டிலில், தான் தைத்த பழுப்புக் கோட்டோடு, யாரோ சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தோடு அம்மா படுத்திருந்தாள். மகள் அவளைக் கடந்து, கிளவுஸ் சாரையும் கூட்டிக்கொண்டு, உள்ளறைக்குப் போனாள். சித்தியும் மாமாவும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்கள்.

சித்தியும் தையற்காரிதான், பெண்களுக்கு மட்டும் தைப்பவள். பிறர் தையலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பொட்டலத்தைப் பிரித்துக் கோட்டைத் தோளில் பிடித்துத் தூக்கியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயோ, ஆம்பளைக் காஜா!”

“என்ன சின்னக்கா?” என்றார் மாமா.

“காஜாவை இடப்பக்கம் குறிச்சிருக்காடா. இடப்பக்கம் ஆம்பளைக்கு. பொம்பளைக்கு வலப்பக்கம். உலகத்துக்கே தெரியும்.”

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்து, உலகம் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார்.

“காலம் பூரா ஆம்பளைக் கோட்டுத் தைச்ச கை, பழக்கத்துல போட்டிருக்கும்” என்றாள் மகள்.

“சரி, அது பழக்கம். இது என்ன?” சித்தி கோட்டின் கையை நேராகத் தொங்கவிட்டாள். தோளுக்குக் கீழே துணி கோணலாகச் சுருங்கி நின்றது. “கையை முன்னால தள்ளி ஏத்தியிருக்கா. அக்கா! கை ஏத்தறதுல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது. அளவைப் பாரு, இவ இப்ப இருக்கிற உடம்புக்கு ரெண்டு பேர் நுழையலாம். பழைய உடம்புன்னு நெனச்சு வெட்டியிருக்கா.” சித்தியின் குரல் உடைந்துவிட்டது. “புத்தி தடுமாறிப் போயிருக்கா. நம்ம யாரும் கவனிக்கல.”

சித்தி ‘நம்ம யாரும்’ என்றாலும், அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தது மகள் ஒருத்திதான். தட்டை வைத்து, தண்ணீர் வைத்து, விளக்கை அணைத்து, எல்லாம் செய்திருக்கிறாள். அம்மாவுக்குள் என்ன நடந்தது என்று பார்க்கவில்லையா? பேசாமல் பேசாமல் இருந்து இதையும் தவறவிட்டோமா?

“தடுமாற்றம் எல்லாம் இல்லைங்க” என்றார் கிளவுஸ் சார், அழைக்காத வீட்டில் கருத்துச் சொல்கிற கூச்சத்தோடு. “போன வாரம்கூட அறைக்கு அந்தக் கோடியில நின்ன என்னைப் பார்த்து, சட்டையில ரெண்டாவது பொத்தான் வேற ஜாதின்னாங்க. நானே அப்பத்தான் பார்த்தேன்.”

“உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க தொடாம பார்க்கிறவர்” என்று சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றதும் அவளுக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. “இப்படியே போட்டு அனுப்பினா, பார்க்கிற ஒவ்வொரு தையற்காரனும் சிரிப்பான். கோட்டைத் தழைச்சுப் போர்த்திடலாம், அளவு தெரியாது. கைச் சுருக்கத்தை இஸ்திரி போட்டுப் படிய வைக்கிறேன். காஜாவை மட்டும் வலப்பக்கம் மாத்தணும். நீ போட்டு நில்லுடி, நான் குறிக்கிறேன். அக்காவோட பழைய உடம்புதான் உனக்கு.”

மகள் போட்டுக்கொண்டாள். தோளில் ஏற்றும்போது துணி தானாகப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் விரல்கள் பழக்கத்தில் இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மூடின. ஆண்களுக்கென்று தைத்த சீருடைதான் அவளுக்குக் கொடுக்கப்படுவது, இத்தனை வருடமும் அவள் பொத்தான் போட்டது அந்தப் பக்கம்தான். “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்” என்று சித்தி அவள் கையில் ஒன்று போட்டாள். சாக்கட்டியை எடுத்துக் குறிக்கக் குனிந்தாள். மறுபடி கண்ணில் நீர்.

மாமாவுக்கு யாராவது அழுதால் தாங்காது. தான் அழுவது வேறு கணக்கு. “அட, தொப்பி ஒண்ணு வச்சா அசல் டிரைவரம்மாதான். எங்க, வண்டியை எடு, போகலாம்!” என்றார்.

சித்தியைச் சிரிக்க வைக்கத்தான் மகளும் அதைச் செய்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பெரிய ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் அகட்டி வைத்து, வாயால் ஒரு ஹாரன் அடித்தாள்.

சித்தி சிரிக்கவில்லை. சாக்கட்டியைக் கீழே போட்டாள்.

“கையை இறக்காதே. அப்படியே நில்லு.”

தோளுக்குக் கீழே இருந்த சுருக்கம் காணாமல் போயிருந்தது. கை முழுக்க ஒரு கோடு இல்லை. நீட்டிய கையில் விளிம்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறவில்லை. காலர் கழுத்தைவிட்டு எழும்பவில்லை. சித்தி அவளைச் சுற்றிப் பின்னால் போனாள்.

“வண்டியை இடப்பக்கம் திருப்பு.”

திருப்பினாள்.

“வலப்பக்கம்.”

முதுகில், வெளியே தெரியாமல் மடித்து வைத்திருந்த துணி திருப்பும்போது விரிந்து கொடுத்தது, திரும்பியதும் மூடிக்கொண்டது. சித்தி அதை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். கோட்டின் வலத் தோள் இடத் தோளைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது. மகளின் வலத் தோளும் அப்படித்தான். அது அவளுக்கே தெரியாது.

“இது அவளுக்கு இல்லடி” என்றாள் சித்தி, முக்கால்வாசிக் காற்றாக. பக்கத்தில் இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “உட்கார்ந்து வண்டி ஓட்டுறவளுக்குத் தைச்சிருக்கா. உனக்குத் தைச்சிருக்கா. காஜா அந்தப் பக்கம்தான் இருக்கணும். உன் கை அங்கதானே போகுது. எல்லாம் சரியா இருக்கு. நான்தான் பைத்தியக்காரி. எப்ப அளவு எடுத்தா?”

“எடுக்கவே இல்ல சித்தி.”

“எடுக்காம எப்படிடி இந்த முதுகு வரும்?”

கிளவுஸ் சார் தொண்டையைக் கனைத்தார். “சனிக்கிழமை வந்ததும் எனக்கு வணக்கம்கூடச் சொல்லமாட்டாங்க. ‘மறந்துடும், மறந்துடும், வழி விடுங்க’ன்னு நேரா பொம்மைகிட்ட ஓடுவாங்க. சாக்கட்டியை எடுத்துத் தோள்ல ஒரு கோடு, முதுகுல ஒரு கோடு. அப்புறம்தான் வணக்கம். எங்கிருந்து அளவைப் பார்த்துட்டு வர்றாங்கன்னு நானும் நெனப்பேன். கோட்டு யாருக்குன்னு ஒரு நாள் கேட்டேன். ‘உங்களுக்கு இல்ல, ஆசைப்படாதீங்க’ன்னாங்க.”

மகளுக்குக் கண்ணாடியில் தெரிந்த அந்தக் கடுகடுத்த முகம் நினைவுக்கு வந்தது. பெரிய கோபம் என்று வாரா வாரம் முதுகில் சுமந்து ஓட்டியிருக்கிறாள். அம்மா வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது. கையை இறக்கச் சொல்லி யாரும் சொல்லாததால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நின்று அழுதாள். அவளுக்கு இவ்வளவு சந்தோஷமாகவும் இவ்வளவு வயிற்றெரிச்சலாகவும் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த அம்மா!

“கோட்டுல படாம அழு” என்றாள் சித்தி, தானும் அழுதுகொண்டே. “கம்பளி. கறை பிடிச்சா போகாது.”

மாமா ஒருவர்தான் நிலவரத்தைக் கவனித்தார். “அப்போ அக்காவுக்கு?”

“பழுப்புக் கோட்டே இருக்கட்டும் மாமா. அதையும் அவங்கதானே தைச்சாங்க.”

“அதுல காஜா?”

“வலப்பக்கம்” என்றாள் சித்தி. மாமா நிம்மதியாக மூச்சு விட்டார்.

அம்மாவை எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மூன்று காஜாவையும் முடிக்க முடியாது, நடுவில் இருப்பதை மட்டுமாவது இப்போதே முடித்துவிடுவோம், அதைப் போட்டுக்கொண்டு வரட்டும் என்று சித்தி தீர்ப்புச் சொன்னாள். கிளவுஸ் சார் பெட்டியைத் திறந்து, திருகாணியை அரைச் சுற்றுத் திருகி, அளவு வைத்தார். விதியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, கத்தரியைச் சித்தியிடம் நீட்டினார்.

“எனக்குக் கண்ணு நிறைஞ்சிருக்கு, கோணிடும். நீங்க வெட்டுங்க. வாரா வாரம் பார்த்தவர்தானே.”

“நானா! நான் இதைத் துடைச்சிருக்கேன். அவ்வளவுதான்.”

மாமா தானாகவே இரண்டடி பின்னால் போனார்.

“நான் வெட்டறேன்” என்றாள் மகள்.

சித்தி வாயைத் திறந்தாள். மகளின் தையலைப் பற்றிச் சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மகள் கோட்டை உள்ளறை மேசைமேல் விரித்து, சாக்கட்டிக் குறியின்மேல் அலகை வைத்தாள். வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப ஒட்டாது. குறுகலான தெருவில் பெரிய வண்டியைத் திருப்புகிறபோது செய்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தரி ஒரே ஒரு முறை நறுக்கென்றது. ஓரம் பிசகாமல் நின்றது.

“பரவாயில்லையே!” என்றார் மாமா தூரத்திலிருந்து.

சித்தி பட்டு நூலைக் கோத்து உட்கார்ந்தாள். ஊசி போகிற வேகத்துக்கு வாயும் போனது: அக்கா தன்னிடம்கூட மறைத்துவிட்டாள், அழுத்தக்காரி, வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்றாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொத்தானைத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்ததைக் கண்டு கிளவுஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாமா முன்னறைக்கு ஓடி, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, ஆட்களை வழிவிடச் சொல்லி, எல்லாருக்கும் எல்லா உத்தரவும் போட்டார். ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்தார்கள்.

மகள் கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்தாள். ஆள் உயரக் கண்ணாடியைப் பார்க்காமல் தாண்டி, கட்டிலுக்கு எதிரே போய் நின்றாள். இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிக்கிற அகலத்துக்கு முன்னால் நீட்டினாள். அப்படியே மெதுவாக ஒரு பக்கம் திரும்பினாள்.

“வண்டி நிக்குதும்மா” என்றார் மாமா வாசலிலிருந்து. “தூக்கிடலாமா?”

“ஒரு நிமிஷம் இருங்க மாமா” என்றாள். “இன்னும் முதுகைக் காட்டல.”